விருதுப் பட்டியலும் 15 காசு கார்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் இப்போதே படியுங்கள். இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பரீட்சை எதுவும் வைக்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 1 ஆம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், 71வது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள் அல்லவா? அரை மணி நேரத்துக்குள் என் போனில் பதினோரு வாட்ஸ்அப் செய்தி வந்துவிட்டது. எல்லாம் நீங்கள் அனுப்பியதுதான். 'வாத்தி' படப் பாடல்களுக்காக ஜி.வி.பிரகாஷ் குமாருக்குச் சிறந்த இசையமைப்பாளர் விருது. "டீச்சர், வாத்தியார் பாட்டுக்கே தேசிய விருது கிடைச்சிருச்சு, எங்களுக்கு எப்ப ட்ரீட்?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் பெஞ்சுக்கு அடியில் பென்சில் தேடியவள். இன்று ஒரு வங்கியில் மேலாளர். ட்ரீட் நீதான் தர வேண்டும் அம்மா, எனக்கு வருவது பென்ஷன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. 'ஜென்டில்மேன்' படத்தில் ரயில் பாட்டில் மழலைக் குரல் கொடுத்த பிள்ளை இந்த ஜி.வி.பிரகாஷ். 'சூரரைப் போற்று' படப் பின்னணி இசைக்கு முன்பே ஒரு தேசிய விருது வாங்கியவர். இது இரண்டாவது. செய்தியைப் படித்ததும் வழக்கம்போல உள்ளறையைப் பார்த்து "என்னங்க, கேட்டீங்களா..." என்று ஆரம்பித்துவிட்டேன். அங்கே யாரும் இல்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. நாக்குக்கு இன்னும் பழக்கம் போகவில்லை.

எங்கள் வீட்டுக்காரரை உங்களில் பலருக்குத் தெரியும். 'போஸ்டாபீஸ் சார்' என்று கூப்பிடுவீர்கள். அஞ்சலகத்தில் எழுத்தர். எங்கள் வீட்டில் விருதுக் காலம் என்றால் அது திருவிழா மாதிரி. ஜனவரி 25 ராத்திரி பத்ம விருதுப் பட்டியல், பிறகு தேசியத் திரைப்பட விருது, நடுவில் மாநில அரசின் கலைமாமணி. எல்லாவற்றுக்கும் காத்திருப்போம், சண்டை போடுவோம், இரண்டு நாள் பேசாமல் இருப்போம். அவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதனின் பக்தர். நான் இளையராஜா கட்சி, அதிலும் எஸ்.ஜானகி அம்மா கட்சி.

நான் இந்தக் கட்சியில் சேர்ந்த கதை சின்னது. எங்கள் ஊர் மணமேல்குடிப் பக்கம், கடற்கரை. திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஓடும்போது அம்மா அடுப்படியில் இருப்பாள், நான் தலை பின்னிக்கொண்டிருப்பேன். பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று எல்லாரையும் அறிவிப்பாளர்கள் அழகு தமிழில் சொல்வார்கள். ஒரு பாட்டுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அந்த வானொலிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பின்னால் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது விடுதியில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். '16 வயதினிலே' வந்த புதிது. ஜானகி அம்மா பாடிய பாட்டு வந்தால் குழம்புக் கரண்டியோடு சமையல்கார அம்மாவும் வந்து நின்றுவிடுவார். அந்தப் பாட்டுக்கு ஜானகி அம்மாவுக்குத் தேசிய விருது கிடைத்தபோது, அது எனக்கே கிடைத்த மாதிரி விடுதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

1984 இல் கல்யாணம் ஆகி வந்தால், இவர் எம்.எஸ்.வி. பக்தர். முதல் மாதமே ஒரு தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். வாத்தியாரம்மாவுக்கே பாடம்.

"உயர்ந்த மனிதன், 1968. பாடின சுசீலாம்மாவுக்குத் தேசிய விருது. இந்தியாவிலேயே பின்னணிப் பாடகிக்குன்னு கொடுத்த முதல் தேசிய விருது அதுதான். அதே வருஷம் 'குழந்தைக்காக'. எழுதின கண்ணதாசனுக்கு விருது. பாடலாசிரியருக்குக் கொடுத்ததிலயும் அதுதான் முதல். 1971, 'சவாலே சமாளி'. மறுபடியும் சுசீலாம்மா. 1975, 'அபூர்வ ராகங்கள்'. வாணி ஜெயராம். நாலு படத்துக்கும் மியூசிக் யாரு?"

"எம்.எஸ்.வி."

"அவருக்கு எத்தனை தேசிய விருது?"

நான் யோசித்தேன். அவர் காலண்டர் தாளில் பெரிதாக ஒரு முட்டை போட்டார்.

பிள்ளைகளே, நீங்களும் சரிபார்த்துக்கொள்ளலாம். அவர் மெட்டைப் பாடியவர்கள் வாங்கினார்கள், மெட்டுக்கு எழுதியவர் வாங்கினார். மெட்டுப் போட்டவருக்குக் கடைசி வரை ஒரு தேசியத் திரைப்பட விருதும் இல்லை, பத்ம விருதும் இல்லை. டி.எம்.சௌந்தரராஜனுக்கும் பாடியதற்காகத் தேசிய விருது கிடைத்ததில்லை. பத்மஸ்ரீ மட்டும் 2003 இல் வந்தது.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. "இசையமைப்பாளருக்குத் தேசிய விருது கொடுக்க ஆரம்பிச்சதே 1967 ஆம் வருஷப் படங்களுக்குத்தான். முதல் விருதே நம்ம கே.வி.மகாதேவனுக்கு, 'கந்தன் கருணை'க்கு. உங்க விஸ்வநாதன் - ராமமூர்த்தி ஜோடி அதுக்கு முன்னாடியே 1965 இல பிரிஞ்சு போச்சு. 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்' மூணும் ஒரே வருஷம், 1961. 'கர்ணன்' 1964. போட்டி வைக்கறதுக்கு முன்னாடியே ஓடி முடிச்சவருக்கு எப்படிங்க பரிசு கொடுப்பாங்க?" என்றேன்.

"ஓடி முடிச்சாரா? 1979 இல 'நினைத்தாலே இனிக்கும்' வந்தப்ப ஓடிட்டு இருந்தது யாரு?" என்றார். அன்று ராத்திரி சாப்பாடு மௌனமாக நடந்தது.

இப்படிக் கோபப்பட்டவர் ஒரு காரியமும் செய்தார். எம்.எஸ்.வி.க்கும் கண்ணதாசனுக்கும் ஒரே பிறந்த நாள், ஜூன் 24. கவிஞர் 1927, இவர் 1928. வருஷா வருஷம் ஜூன் மூன்றாவது வாரம் ஒரு அஞ்சல் அட்டை வாங்கி எம்.எஸ்.வி.க்கு எழுதுவார். அப்போது கார்டு 15 காசு. போஸ்டாபீசில் வேலை பார்த்தாலும் சொந்தக் காசில்தான் வாங்குவார். அந்தக் கார்டில் 'உங்கள் இசை அருமை, தெய்வீகம்' என்றெல்லாம் ஒரு வார்த்தை இருக்காது. வருஷம் முழுக்க யோசித்து ஒரே ஒரு பாட்டை எடுப்பார். அதில் எந்த இடம், எந்த வாத்தியம் என்று எழுதுவார். 'புதிய பறவை' பாட்டில் கோரஸும் வயலின்களும் சேர்ந்து எழும்பி சட்டென்று அடங்கும் இடம், 'கர்ணன்' படத்தில் ஷெனாய் வரும் இடம், இப்படி. "இந்த இடத்தில் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது" என்று ஒரு வருஷம் எழுதியிருந்தார். பதில் எதிர்பார்த்ததில்லை, வந்ததும் இல்லை. "விருது கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. கார்டு போட யார்கிட்ட அதிகாரம் கேக்கணும்?" என்பார்.

இப்போது நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

1994 ஆம் வருஷம் நம் பள்ளி ஆண்டு விழா. பாட்டுப் போட்டிக்கு மூன்று நடுவர்கள். நான், இன்னொரு டீச்சர், ஊர்ப் பெரியவர் ஒருவர். பக்திப் பாட்டு அல்லது தேசபக்திப் பாட்டு மட்டும்தான், சினிமாப் பாட்டுக்கு அனுமதி இல்லை என்று முதலிலேயே அறிவித்திருந்தோம். ராகம், உச்சரிப்பு, பாவம், மேடைப் பழக்கம் என்று தலைப்புக்கு ஐந்து மார்க். கட்டம் போட்ட தாள், கையில் சிவப்பு மையில் ஒரு பேனா. என்னைப் பிடிக்க முடியாது அன்று.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். பெயர் எழுதவில்லை, அவன் சம்மதம் என்னிடம் இல்லை. அப்பா, அம்மா இரண்டு பேரும் செங்கல் சூளையில் வேலை. காலையில் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கிளாஸ் கழுவிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். அந்தக் கடை ரேடியோதான் அவனுக்குப் பாட்டு வாத்தியார். அவன் 'திருவிளையாடல்' படத்தில் டி.எம்.எஸ். பாடியதை எடுத்தான். சிவபெருமானாக சிவாஜியே எல்லா வாத்தியங்களையும் வாசிக்கிற காட்சி இருக்கிறதே, அந்தப் பாட்டு. பெரிய வித்வான்களே யோசித்துத் தொடுகிற பாட்டு. பன்னிரண்டு வயதுப் பையன், மைக் உயரம் எட்டாமல், குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டு பாடினான்.

அங்கங்கே தவறினான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முடிவை நெருங்கும்போது பாட்டு வேகமெடுத்து, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, பிறகு குரல் தனியாக இறங்கி வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் அவன் அவசரப்படவில்லை. மூச்சை வைத்திருந்து, கடைசிச் சொல்லை முழுதாகச் சொல்லி முடித்தான். பந்தலில் கடைசி வரிசையில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர்கூட கையை நிறுத்தினார்.

பக்கத்தில் இருந்த டீச்சர் என் காதில், "இது சினிமாப் பாட்டாச்சே" என்றார். எனக்கும் தெரியும். மூன்று பேரும் பேசினோம். ஊர்ப் பெரியவர், "சாமி பாட்டுதானேம்மா, விட்டுரலாம்" என்றார். விதி என்று ஒன்று இருந்தால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். அவன் தாளில் மார்க் போடாமல் குறுக்கே கோடு கிழித்தேன். முதல் பரிசு ஐந்தாம் வகுப்புப் பெண் குழந்தைக்கு. அவளும் நன்றாகத்தான் பாடினாள், அவளைக் குறை சொல்லவில்லை. பரிசு ஒரு எவர்சில்வர் தட்டு.

விழா முடிந்ததும் அவன் என்னிடம் வந்தான். "டீச்சர், அது சாமி பாட்டுதானே டீச்சர்?" என்று கேட்டான்.

"சினிமாவுல வந்ததுதானேப்பா. ரூல் ரூல்தான். அடுத்த வருஷம் வேற பாட்டுப் பாடு" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பெஞ்சு தூக்கி வைக்கிற பையன்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். நான் செய்தது சரிதான் என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவரும் பந்தலில் உட்கார்ந்து கேட்டவர்தான். விதியைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. "சரி, பரிசு கொடுக்க முடியல. பையன்கிட்ட நல்லா பாடினேன்னு சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை அவன் வரவில்லை. சூளை வேலை முடிந்து குடும்பம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டது என்று டீக்கடைக்காரர் சொன்னார். மாற்றுச் சான்றிதழ் வாங்கக்கூட யாரும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராகத் தொடர்ந்து 'ஆ' போட்டு, பிறகு நீக்கம் என்று எழுதியதும் என் கைதான்.

இதற்குப் பிறகு எந்த விருதுப் பட்டியல் வந்தாலும் பழைய மாதிரி என்னால் கோபப்பட முடியவில்லை. டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நடுவர்களை எப்படித் திட்டுவது? அவர்களுக்கும் கட்டம் போட்ட தாள் உண்டு. படத்தை முறைப்படி அனுப்பி வைத்தால்தான் பார்ப்பார்கள். அந்த ஒரு வருஷத்துப் படத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். ஒரு இடத்துக்குப் பெரும்பாலும் ஒருவரைத்தான் சொல்வார்கள். 'ஜானி' படத்தில் ஜானகி அம்மா பாடியதைக் கேட்டு உருகாத தமிழர் உண்டா? அதற்கு விருது இல்லை. அதே வருஷம் 'ஒப்போள்' என்ற மலையாளப் படத்துக்கு அவருக்கே விருது கிடைத்தது. நானே ஒரு சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் ரசிகர் மனசு சும்மா இருக்குமா? 2009 பிப்ரவரி 23, திங்கட்கிழமை காலை. பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது ஆரம்பித்து, முதல் பீரியட் முடிவதற்குள் பள்ளி முழுக்கச் செய்தி. ஏ.ஆர்.ரகுமானுக்கு இரண்டு ஆஸ்கர். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் இசைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. அவ்வளவு பெரிய மேடையில் தமிழில் ஒரு வரி பேசினார் என்று கேட்டதும் ஆசிரியர் அறையில் ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அன்று எட்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கணக்குப் பாடம் நடக்கவே இல்லை.

மத்தியானம் வீட்டுக்காரர் போன் செய்தார். 'ரோஜா' வந்த காலத்தில் "இது என்ன டப்பா சத்தம்" என்று சொன்ன மனிதர். குரல் தழுதழுக்க, "எங்க எம்.எஸ்.வி. கிட்ட கீபோர்டு வாசிச்ச பையன்" என்றார். சின்ன வயதில் ரகுமான் பலரிடம் கீபோர்டு வாசித்தார், எம்.எஸ்.வி.யிடமும் வாசித்தார். பின்னால் தன் இசையில் அவரையே பாட வைத்தார், 'சங்கமம்' படத்திலும் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்திலும். "பார்த்தியா, எல்லாரும் மறந்தாலும் அந்தப் பையன் மறக்கலை. மைக்கை அவர் கையில கொடுத்தான்" என்பார். அவர் கணக்கில் எம்.எஸ்.வி.க்குக் கிடைத்த பெரிய விருது அதுதான். 2012 இல் தமிழ்நாடு அரசு 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்தபோதும் டி.வி. முன்னால் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

2013 ஜனவரியில் எங்களுக்குள் பெரிய சண்டை. ஜானகி அம்மாவுக்கு பத்மபூஷண் அறிவித்தார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். இது மிகவும் தாமதம், தென்னாட்டுக் கலைஞர்களுக்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை என்று காரணம் சொன்னார். எனக்கு அப்படி ஒரு பெருமை. என் தலைவி ஆயிற்றே! "நாட்டு மரியாதையை மறுக்கலாமா? கிடைக்காதவங்களுக்குத்தான் அருமை தெரியும்" என்றார் இவர். அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் பதில் பேசவில்லை.

2015 ஜூன் 24க்கு வழக்கம்போல கார்டு போட்டார். அதற்குள் கார்டு 50 காசு ஆகியிருந்தது. ஜூலை 14 காலையில் எம்.எஸ்.வி. காலமானார். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி படுக்கும்போது, "கார்டு போய்ச் சேர்ந்திருக்கும்ல?" என்று கேட்டார். "நீங்க போஸ்டாபீஸ்காரர், உங்களுக்குத் தெரியாதா? மூணு வாரம் ஆச்சே, சேர்ந்திருக்கும்" என்றேன். அது போதும் அவருக்கு. நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்ல வேண்டியதை அவர் முப்பது வருஷமும் சொல்லி முடித்திருந்தார்.

2023 இல் வாணி ஜெயராம் அம்மா. 'அபூர்வ ராகங்கள்', 'சங்கராபரணம்', 'சுவாதி கிரணம்' என்று மூன்று தேசிய விருது வாங்கியவர். ஜனவரி 25 ராத்திரி பத்மபூஷண் அறிவிப்பு. பிப்ரவரி 4 அன்று அவர் இல்லை. நடுவில் பத்தே நாள். விருதை வாங்கும் விழா வருவதற்குள் போய்விட்டார். அன்றைக்கும் உள்ளறையைப் பார்த்து "என்னங்க" என்றேன்.

போன சித்திரையில் எங்கள் அம்மன் கோயில் திருவிழா. சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டம் முழுக்க ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம். அவர் யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி வாசித்தார். முடிந்ததும் கிட்டப் போய், "ரொம்ப நல்லா வாசிச்சீங்க ஐயா" என்றேன். நாதஸ்வரத்தை மடியில் வைத்துவிட்டு, "எந்த இடம்மா நல்லா இருந்துச்சு?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நல்லவேளை, நான் கேட்டிருந்தேன். "தவில் நின்ன பிறகு நீங்க மட்டும் மெதுவா கீழே இறங்கி வந்தீங்களே, அந்த இடம்" என்றேன். அவர் பக்கத்தில் இருந்த தவில்காரரைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்றார் அவரிடம். இரண்டு பேருக்கும் அந்த இடத்தைப் பற்றி ஏதோ வழக்கு இருந்திருக்கிறது!

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எங்கள் வீட்டுக்காரரின் கார்டுகள் ஏன் அப்படி இருந்தன என்று புரிந்தது. 'அருமை' என்று எழுதினால் அது யாருக்கும் போகும். இந்தப் பாட்டில் இந்த இடம் என்று எழுதினால், அது கேட்டவர் ஒருவரிடமிருந்து பாடியவர் ஒருவருக்கு மட்டும் போகும். முப்பத்தெட்டு வருஷம் நோட்டுகளில் 'குட்', 'வெரி குட்' என்று எழுதித் தள்ளியவள் நான். அதில் எத்தனை உங்களுக்கு உண்மையிலேயே வந்து சேர்ந்ததோ தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1994 இல் நம் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படித்தவர்கள் இந்தப் பக்கத்தில் சிலர் இருக்கிறீர்கள். அந்தப் பையன் யார் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அவனுக்கு இப்போது 43 வயது இருக்கும். பெயரைக் கமெண்டில் போட வேண்டாம். உங்களில் யாருக்காவது அவனோடு தொடர்பு இருந்தால் இதை அவனிடம் காட்டுங்கள்.

தம்பி, நீ பாடிய பாட்டின் கடைசியில், வேகம் எல்லாம் முடிந்து குரல் தனியாக இறங்கி வருகிற இடத்தில், நீ அவசரப்படவில்லை. மூச்சைப் பிடித்து வைத்திருந்து கடைசிச் சொல்லை முழுசாகச் சொன்னாய். அந்த இடம் மிக நன்றாக இருந்தது. அன்றைக்கே எனக்குத் தெரியும். போஸ்டாபீஸ் சாருக்கும் தெரியும். அது சாமி பாட்டுதான். இதை நான் அந்தச் சாயங்காலமே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். 31 வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.

தாமதமாக வந்த விருதை ஜானகி அம்மா வேண்டாம் என்றார். நீயும் வேண்டாம் என்று சொல்லலாம், அது உன் உரிமை. நான் வருத்தப்பட மாட்டேன். அதற்குப் பிறகு நீ எங்கேயாவது பாடினாயா, இல்லை அன்றோடு நிறுத்திவிட்டாயா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பரீட்சை இல்லை என்றேன், வீட்டுப்பாடம் இல்லை என்று சொல்லவில்லை. பட்டியலில் வராத, உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டையும், அதில் எந்த இடம் என்பதையும் கீழே எழுதுங்கள். பாட்டு வரியை எழுத வேண்டாம், இடத்தைச் சொன்னால் போதும், நான் கண்டுபிடித்துவிடுவேன். அதோடு உங்கள் வீட்டில், தெருவில், ஆபீசில் யாராவது ஏதாவது நன்றாகச் செய்தால் திங்கட்கிழமை வரை வைத்திருக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எந்த இடம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வங்கி மேலாளருக்குத் தனியாக ஒரு வரி. ட்ரீட் வேண்டாம் அம்மா. வரும்போது பத்து அஞ்சல் அட்டை வாங்கிக்கொண்டு வா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்